சிறுநீர்ப்பைக்குள் போடும் ஊசி: மலைக்குத் திரும்பிய பின் வரும் பக்கவிளைவுகள்

மாத்திரைக்குக் கட்டுப்படாத சிறுநீர் அவசரத்துக்குச் சிறுநீர்ப்பையின் சுவரிலேயே போடாக்ஸ் ஊசி போடும் சிகிச்சை, மதுரை, கோட்டயம், கொச்சி போன்ற ஊர்களுக்குப் போய்வரும் மலைநாட்டுப் பெண்களின் காதிலும் விழத் தொடங்கியிருக்கிறது. ஊசி போடச் சில நிமிடங்கள்தான் ஆகும். பெரும்பாலானோர் அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். ஆனால் இந்த ஊசியின் முக்கியமான பக்கவிளைவுகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போது வருவதில்லை. சில நாள் கழித்து, சில வாரம் கழித்து வருகின்றன. அப்போது அந்தப் பெண் மூணாறு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருப்பார். பூப்பாறையில் ஏலச்செடிகளுக்கு நடுவே இருப்பார். அல்லது போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலை ஜீப்பில் மலையேறிக்கொண்டிருப்பார். ஊசி போட்ட டாக்டருக்கும் அவருக்கும் நடுவே ஒரு மலைத்தொடரும் சில மணி நேரப் பயணமும் இருக்கும். எனவே, என்ன வரும், எப்போது வரும், வந்தால் யாரிடம் போவது என்பதெல்லாம் ஊசிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பிறகு தெரிந்துகொள்ளலாம் என்று விடக்கூடிய விஷயம் இல்லை இது.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். டாக்டர்கள் 'ஓவர் ஆக்டிவ் பிளாடர்' என்று சீட்டில் எழுதுவது, சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே அதன் தசை தானாகச் சுருங்கி அவசரப்படுத்தும் நிலையை. திடீரென்று முட்டிக்கொண்டு வரும். அடக்க முடியாது. பகலில் பல முறையும் இரவில் தூக்கத்தைக் கெடுத்தும் எழுப்பும். சிலருக்குக் கழிப்பறையை எட்டுவதற்குள் கசிந்துவிடும். இருமினாலும் தும்மினாலும் சுமை தூக்கினாலும் கசிவது வேறு கோளாறு. அது சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளின் தளர்ச்சியால் வருவது. அதற்கு இந்த ஊசி உதவாது. இரண்டும் சேர்ந்தே இருக்கும் பெண்களும் உண்டு. சிறுநீர்த் தொற்று, கல், கருப்பை இறக்கம், சர்க்கரை நோய், அரிதாகச் சிறுநீர்ப்பைக் காசநோயோ புற்றுநோயோகூட இதே தொல்லையைத் தரலாம். இவற்றையெல்லாம் பார்த்து விலக்காமல் ஊசி வரைக்கும் போகக் கூடாது.

தோட்ட வேலை செய்யும் பெண்களுக்கு இந்த நோய் தரும் துன்பம் பட்டணத்துப் பெண்ணின் துன்பத்தைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. காலை மஸ்டர் (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து கொழுந்துக் காட்டில் இறங்கினால், மறைவிடம் என்பது அடுத்த தேயிலைப் பாத்திதான். தொழிலாளர்களுக்கு வசதியான இடத்தில், பெண்களுக்குத் தனியாக, போதுமான கழிப்பறைகள் இருக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. லயத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை இருந்தாலும், பறிக்கும் சரிவிலிருந்து அது எத்தனை தூரம் என்பது ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் தெரியும். அதனால் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். காலையில் ஒரு கட்டன் சாயா, பிறகு மதியம் வரை எதுவும் இல்லை. இப்படிக் குறைப்பதால் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சலும் அவசரமும் கூடும். தொற்றுக்கும் வாய்ப்புக் கூடும். சாயாவில் உள்ள காஃபீன் தன் பங்குக்குத் தூண்டிவிடும். இந்தப் பழக்கத்தை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊசிக்குப் பிறகு வரும் தொற்றைப் பற்றிப் பேசும்போது இதற்கே திரும்பி வர வேண்டியிருக்கும்.

வைத்தியம் படிப்படியாகத்தான் போக வேண்டும். குறித்த நேரத்துக்குக் கழிப்பறை போய் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும் பயிற்சி, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, எடையைக் குறைப்பது ஆகியவை முதல் படி. அடுத்த படி மாத்திரை. சோலிஃபெனசின், டோல்டெரோடின், ஆக்ஸிபியூட்டினின் வகை மாத்திரைகள் வாயை வறட்டும், மலச்சிக்கல் தரும். வயதானவர்களுக்கு நினைவுத் தடுமாற்றம் பற்றிய கவலையும் உண்டு. மிராபெக்ரான் வேறு வழியில் வேலை செய்வது. அதற்கு ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். இவை பலன் தராதபோது, அல்லது தாங்க முடியாதபோது, ஊசி பேச்சுக்கு வருகிறது.

ஊசியில் இருப்பது பாட்டுலினம் நச்சு. கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு பாக்டீரியா உண்டாக்குவது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் யூஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர், கெட்ட இறைச்சித் தொத்திறைச்சி தின்று கை கால் தளர்ந்து செத்தவர்களை ஆராய்ந்தபோதே, இந்த நச்சைச் சிறு அளவில் மருந்தாக்கலாம் என்று எழுதினார். நரம்பு முனையிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளியே வராமல் இந்த நச்சு தடுக்கிறது. கட்டளை கிடைக்காத தசை தளர்கிறது. கண் தசைக் கோளாறுகளுக்கு அமெரிக்காவில் 1989-இல் அனுமதி கிடைத்தது. நரம்புக் கோளாறால் வரும் சிறுநீர்க் கசிவுக்கு 2011-இலும், நரம்புக் கோளாறு இல்லாத சாதாரண ஓவர் ஆக்டிவ் பிளாடருக்கு 2013 ஜனவரியிலும் அனுமதி வந்தது. முன்னதற்கு 200 யூனிட், பின்னதற்கு 100 யூனிட். தண்டுவடம் அடிபட்டவர்களின் கதையும் நம் கதையும் வேறு என்பதால் இந்த அளவு வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும்.

ஊசி போடும் முறையைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதலில் மரத்துப்போகும் மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டுச் சற்று நேரம் காத்திருப்பார்கள். சிலருக்கு லேசான மயக்கம் கொடுப்பதும் உண்டு. பிறகு சிறுநீர்த் துவாரம் வழியாக சிஸ்டோஸ்கோப் என்ற, உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்துவார்கள். பையை உப்புநீரால் விரித்து, திரையில் உட்சுவரைப் பார்த்துக்கொண்டே, அந்தக் குழாய்க்குள் நீண்ட ஊசியை நீட்டி, சுவரில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஏற்றுவார்கள். 100 யூனிட் மருந்தை 10 மில்லி உப்புநீரில் கலந்து, ஓரிடத்துக்கு அரை மில்லி வீதம் 20 இடங்களில், ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் போடுவது வழக்கமான கணக்கு. அடியில் இரண்டு சிறுநீரகக் குழாய்களும் திறக்கும் முக்கோணப் பகுதியை வழக்கமாகத் தவிர்ப்பார்கள். முடிந்த பிறகு அரை மணி நேரமாவது இருக்கச் சொல்லி, தானாகச் சிறுநீர் கழித்த பிறகே அனுப்ப வேண்டும்.

முதல் ஓரிரு நாள் சிறுநீரில் லேசாக ரத்தம் கலந்து வருவதும் எரிச்சலும் இருக்கலாம். ஊசிக் குத்தின் விளைவு அது, தானாகத் தணியும். ரத்தக் கட்டியாக வந்தாலோ, நிற்காமல் வந்தாலோ காட்ட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். நிறுத்துவதா, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இதய டாக்டரையும் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள்; தாமாக நிறுத்தக் கூடாது.

பலன் சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தெரியத் தொடங்கும். கவனிக்க வேண்டிய சிக்கலும் அதே நாட்களில்தான் தலைகாட்டும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: தசை தளர்கிறது. அளவாகத் தளர்ந்தால் அவசரம் அடங்கும். அளவு மீறித் தளர்ந்தால் பை முழுவதும் காலியாகாது. கழித்த பிறகும் உள்ளே மிச்சம் நிற்கும். இதுதான் சிறுநீர்த் தேக்கம். ஊசிக்கான அனுமதிக்கு அடிப்படையாக இருந்த ஆய்வுகளில், முதல் 12 வாரங்களில் 100 பேரில் ஏறக்குறைய 6 பேருக்குத் தேக்கம் வந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களிடம் அநேகமாக யாருக்கும் வரவில்லை. கதீட்டர் என்ற மெல்லிய குழாயை வைத்துச் சிறுநீரை எடுக்க வேண்டிய நிலை வந்தவர்கள் 100-க்கு ஆறரைப் பேர். பெண்களிடம் மட்டும் நடத்தி 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான 100-க்குப் பதில் 200 யூனிட் போட்டவர்களில் ஒரு மாதத்தில் 8 சதவீதம் பேரும், மூன்று மாதத்தில் 4 சதவீதம் பேரும், ஆறு மாதத்தில் 2 சதவீதம் பேரும் கதீட்டரை நம்பியிருந்தார்கள். அதாவது பெரும்பாலோருக்கு இது தற்காலிகம். மருந்தின் வீரியம் குறையக் குறையப் பை பழைய நிலைக்கு வரும். ஆனால் அந்த 'தற்காலிகம்' சில வாரமாகவும் இருக்கலாம், சில மாதமாகவும் இருக்கலாம். ஒரு நாளைக்குப் பல முறை கதீட்டர் போட வேண்டிய வேலைக்காரப் பெண்ணுக்குச் சில மாதம் என்பது சின்ன விஷயமில்லை.

தேக்கம் எப்போதும் அடைப்பாகத் தெரியாது என்பதுதான் ஆபத்து. முக்கி முக்கிக் கழிப்பது, மெல்லிய தாரையாக வருவது, அடிவயிற்றில் பாரம், இவை இருந்தால் யாரும் புரிந்துகொள்வார்கள். ஆனால் சிலருக்குப் பை நிறைந்து வழியும். அடிக்கடி போகத் தோன்றும், கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டும். பார்க்கிறவர் "ஊசி பலிக்கவில்லை, பழையபடியே இருக்கிறது" என்று நினைத்துவிடுவார். பழைய நோயும் இந்த வழிதலும் வெளியில் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசத்தை எளிதாகச் சொல்வது ஸ்கேன்தான். எனவேதான் ஊசிக்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள், சிறுநீர் கழித்த கையோடு, உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கச் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் 12 வாரம் வரை அவ்வப்போது பார்க்க வேண்டும். மிச்சம் 200 மில்லிக்கு மேல் இருந்தால், அல்லது அதற்குக் குறைவாக இருந்தும் கஷ்டம் இருந்தால், கதீட்டர் பேச்சு எழும். வயது கூடியவர்களுக்கும், ஊசிக்கு முன்பே கொஞ்சம் மிச்சம் வைக்கிறவர்களுக்கும் இதற்கான வாய்ப்பு அதிகம்.

இந்த ஸ்கேனுக்காக மதுரைக்கோ கோட்டயத்துக்கோ மறுபடி பஸ் ஏற வேண்டியதில்லை. வயிற்றை ஸ்கேன் செய்யும் சாதாரண அல்ட்ராசவுண்ட் கருவியே போதும். போடி, கம்பம், அடிமாலி, கட்டப்பனை, நெடுங்கண்டம் போன்ற ஊர்களில் ஸ்கேன் எடுத்து, மிச்சம் எத்தனை மில்லி என்ற அந்த ஒரு எண்ணை ஊசி போட்ட டாக்டருக்குப் போனில் சொல்லிவிடலாம். இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே பேசி, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பயணச் செலவுக்கும் ஒரு நாள் கூலிக்கும் பயந்து இரண்டாவது வாரப் பரிசோதனையைத் தவறவிடுவதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயமாக நினைக்கிறேன்.

கதீட்டர் என்றதும் பெண்கள் மிரள்வது இயல்பு. பக்கத்தில் பையைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கும் நோயாளியின் உருவம்தான் மனதில் வரும். இது அப்படிப்பட்டதில்லை. வைத்திருந்து எடுக்கும் குழாய் இல்லை. தேவைப்படும்போது போட்டு, காலியானதும் உருவிவிடுவது. கையைச் சோப்பால் நன்றாகக் கழுவ வேண்டும். முதல் சில நாள் ஒரு சிறு கண்ணாடியைத் தொடைகளுக்கு நடுவே வைத்துத் துவாரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பழகிய பிறகு விரலே வழி காட்டும். பெண்களின் சிறுநீர்ப் பாதை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான் என்பதால் சற்று உள்ளே போனதுமே சிறுநீர் வந்துவிடும். வடிந்து முடிந்ததும் மெல்ல இழுத்துவிட வேண்டும். ஒரு நர்ஸ் கூட இருந்து கற்றுக்கொடுத்தால் பெரும்பாலோருக்குக் கைவந்துவிடும். கை நடுக்கம், மூட்டு வலி, பார்வை மங்கல் உள்ளவர்களுக்குக் கடினம். அவர்களுக்கு வீட்டில் மகளோ மருமகளோ செய்ய வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்தை ஊசிக்கு முன்பே வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

கழுவுவதற்கு ஓடும் தண்ணீரும், கதவு சாத்தக்கூடிய இடமும் இதற்கு வேண்டும். ஏலக்காட்டில் எட்டு மணி நேரம் நிற்கிறவருக்கு இரண்டுமே இல்லை. ஆகவே, "தேவைப்பட்டால் நானே கதீட்டர் போட்டுக்கொள்வேன், அதற்கு இடமும் இருக்கிறது" என்று சொல்ல முடியாத பெண்ணுக்கு, மாற்று வழிகளைப் பார்க்காமல் இந்த ஊசியைப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஊசிக்கு முன்பே கதீட்டர் போடக் கற்றுக்கொடுப்பது, அல்லது குறைந்தபட்சம் காட்டிவிடுவது, கட்டாயமாக இருக்க வேண்டும்.

நல்ல வேளையாக, மலையின் இரண்டு பக்கமும் கதீட்டர் தெரிந்த கைகள் கிராமத்து அளவிலேயே இருக்கின்றன. கேரளத்தில் 2008-இல் வகுத்த நோய்த் தணிப்புப் பராமரிப்புக் கொள்கையின்படி பஞ்சாயத்து தோறும் வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் நர்ஸ்கள் இயங்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து பராமரிக்கும் பிரிவு உண்டு. படுக்கையில் கிடப்பவர்களுக்காக ஏற்பட்ட ஏற்பாடுகள்தான் இவை. ஆனாலும் கதீட்டர் கற்றுக்கொள்ளவோ, சந்தேகம் கேட்கவோ அவர்களை அணுகிப் பார்ப்பதில் தவறில்லை. "அக்கா, எனக்கு ஒரு தடவை காட்டிக்கொடுங்கள்" என்று கேட்டால் முகம் சுளிக்கும் நர்ஸ் அபூர்வம்.

எண்ணிக்கையில் முதலிடம் சிறுநீர்த் தொற்றுக்கு. அதே அனுமதி ஆய்வுகளில் முதல் 12 வாரங்களில் 100-க்கு 18 பேருக்குத் தொற்று. மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 6 பேருக்கு. பெண்களிடம் மட்டும் மாத்திரையையும் ஊசியையும் ஆறு மாதம் ஒப்பிட்டு 2012-இல் வெளிவந்த ஆய்வில் ஊசிப் பக்கம் 33 சதவீதம், மாத்திரைப் பக்கம் 13 சதவீதம். அந்த ஆய்வை ஒருதலையாகப் படித்துவிடக் கூடாது. கசிவு முழுவதுமாக நின்றவர்கள் ஊசியில் 27 சதவீதம், மாத்திரையில் 13 சதவீதம். வாய் வறட்சி மாத்திரையில் 46 சதவீதம், ஊசியில் 31 சதவீதம். ஊசி போட்டவர்களில் இரண்டாவது மாதத்தில் கதீட்டர் தேவைப்பட்டவர்கள் 5 சதவீதம். கசிவின் எண்ணிக்கை குறைந்ததில் இரண்டும் ஏறத்தாழ சமம். இந்த எண்களை வைத்துக்கொண்டு எது எனக்கு ஒத்துவரும் என்று ஒரு பெண் டாக்டரோடு உட்கார்ந்து பேச முடியும்; பேச வேண்டும்.

தொற்று ஏன் வருகிறது? சிஸ்டோஸ்கோப் உள்ளே போவது ஒரு காரணம். மிச்சம் நிற்கும் சிறுநீர் இன்னொரு காரணம். தேங்கிய நீரில் கிருமி பெருகும். தண்ணீர் குடிக்காமல் மணிக்கணக்கில் அடக்கிவைக்கும் பழக்கம் இந்த இரண்டுக்கும் மேலே வந்து உட்காரும். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் தொற்று இன்னும் கூடுதலாகக் காணப்பட்டது. எனவே ஊசி நாளில் தொற்று இருக்கக் கூடாது. முன்கூட்டியே சிறுநீர்ப் பரிசோதனை செய்து, இருந்தால் குணப்படுத்திவிட்டுத்தான் ஊசி. முன்பும் பின்பும் சில நாள் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். எரிச்சல், நாற்றம், கலங்கல் என்றால் ஒரு நாளைக்கு மேல் காத்திருக்க வேண்டாம். குளிர்சுரமும் விலாப்பக்க வலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. மலையில் சாரல் அடிக்கும் மாதங்களில் குளிர்சுரத்தைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஊசி போட்டவர்கள் அப்படி இருக்கக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தைத் தடித்த எழுத்தில் எழுத வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் பல இடங்களில் சாதாரணமாகப் போடப்படுகின்றன. இந்த வகை மருந்துகள் நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பைத் தாங்களே கொஞ்சம் மட்டுப்படுத்தக் கூடியவை. போடாக்ஸின் விளைவை அவை கூட்டிவிடலாம் என்பது மருந்தின் குறிப்பிலேயே உள்ள எச்சரிக்கை. ஊசிக்கு முன்பின் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கிலும் இந்த வகையைத் தவிர்க்கச் சொல்கிறது அதே குறிப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்ட பெண், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலோடு பக்கத்துக் கிளினிக்குக்குப் போனால், அங்கே இருப்பவருக்கு முன்கதை தெரியாது. பலர் வெட்கத்தால் சொல்வதும் இல்லை. மாநில எல்லை தாண்டி வேறு ஊரில் வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் எளிதாக நடந்துவிடும். ஆகவே, எந்த பிராண்ட், எத்தனை யூனிட், எந்தத் தேதி என்று எழுதிய சீட்டு எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். பிராண்டையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த நச்சைப் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. ஒன்றின் யூனிட்டும் மற்றொன்றின் யூனிட்டும் சமமில்லை.

அடுத்து, எல்லோரும் அதிகம் பயப்படும், ஆனால் மிக அரிதான ஒன்று: நச்சு ஊசி போட்ட இடத்தை விட்டு உடம்பில் பரவுவது. கண்ணிமை தொங்குவது, பார்வை இரட்டிப்பது, குரல் கம்முவது, விழுங்கக் கஷ்டம், உடம்பெங்கும் தளர்ச்சி, மூச்சுத் திணறல் ஆகியவை அடையாளங்கள். சில மணி நேரத்திலிருந்து சில வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். மூச்சும் விழுங்குவதும் சம்பந்தப்பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும், பால் கொடுக்கிறவர்களும் முன்பே சொல்லிவிட வேண்டும். முகச் சுருக்கத்துக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ இதே ஊசியை வேறு இடத்தில் போட்டிருந்தால் அந்தக் கணக்கும் சேரும்.

ஊசி வேண்டாம் என்று தோன்றுகிறவர்களுக்கு, கணுக்காலருகே உள்ள நரம்பை மெல்லிய ஊசி வழியாக மின்சாரத்தால் தூண்டும் சிகிச்சை உண்டு. வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் என்று 12 வாரம் போக வேண்டும். இடுப்பில் கருவி பதிக்கும் சிகிச்சையும் உண்டு, செலவு அதிகம். தேக்கத்துக்கும் கதீட்டருக்கும் இடமில்லாத வாழ்க்கை நடத்தும் பெண்ணுக்கு முதலாவது பொருத்தமானதே. ஆனால் 12 வாரமும் கூலியை விட்டுவிட்டு மலையிறங்க முடியுமா என்பது அவர் வீட்டுக் கணக்கு.

ஊசியின் பலன் பலருக்கு ஆறு மாதத்தை ஒட்டி நிற்கிறது. நரம்பு முனைகள் மீண்டும் வேலைக்கு வந்ததும் அவசரமும் திரும்பும். அப்போது மறுபடி போடலாம். இரண்டு ஊசிக்கு இடையே குறைந்தது 12 வாரம் வேண்டும். முதல் ஊசியில் தேக்கமோ அடிக்கடி தொற்றோ வந்திருந்தால், இரண்டாவது ஊசிக்கு முன் டாக்டர் அதைத் திரும்பிப் பார்ப்பார். மிச்ச அளவு, எத்தனை முறை தொற்று, எத்தனை நாள் கதீட்டர், எத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கினோம் என்பதை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால், மறுபடியும் போட்டுக்கொள்வதா, வேறு வழிக்குப் போவதா என்ற பேச்சை அந்த நோட்டிலிருந்தே தொடங்கலாம்.